ரத்தினம்மா தலையில் ஜெர்மன் ஹெட்போன்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் வீட்டு வரிசையான நந்திதுர்க் லைனில் எந்த வீட்டு மிக்ஸி மக்கர் செய்தாலும் அது முதலில் ரத்தினம்மாவின் வாசலுக்குத்தான் வரும். ரத்தினம்மா மெக்கானிக் அல்ல. ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்பதே அவளுக்குச் சந்தேகம். மிக்ஸியைக் காலியாக ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "கார்பன் தேஞ்சி போச்சி. கடைக்காரன் மோட்டாரே பூட்ச்சின்னு சொல்லுவான், நம்பாத" என்று தீர்ப்பு சொல்லி அனுப்புவாள். பிரித்துப் பார்த்தால் கார்பன்தான் தேய்ந்திருக்கும். ஆண்டர்சன்பேட்டையின் ரிப்பேர் கடைக்காரர்கள் நாலு பேரும் வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள், ரத்தினம்மாவைத் திட்டுவதில் மட்டும் ஒரே கட்சி.

அந்தக் காது சும்மா வந்ததல்ல. சுரங்கத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் ஆபரேட்டராக உட்கார்ந்து சம்பாதித்த காது. அண்டர்கிரவுண்டில் மரம் முட்டுக்கொடுக்கும் டிம்பர்மேனாக இருந்த அப்பாவுக்குக் கால் போன பிறகு, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்த ஒரே காரணத்துக்காக அவளுக்குக் கிடைத்த வேலை. போர்டில் விளக்கு எரிந்து, கார்டு என்கிற ஒயரைச் செருகிய உடனே, பேசுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எங்கிருந்து பேசுகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பின்னால் ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் மணி அடித்தால் ஷாஃப்ட். ரம்பம் அறுத்தால் டிம்பர் யார்டு. ஒன்றுமே கேட்காமல் மின்விசிறி மட்டும் சுற்றினால் பெரிய ஆபீசர் ரூம். டிம்பர் யார்டிலிருந்து ஒரு மேஸ்திரி ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டு மணி என்ன என்று கேட்பார். அவர் கையில் வாட்ச் டிக் டிக் என்று ஓடுவது அவளுக்கு லைனிலேயே கேட்கும். அந்த மேஸ்திரி காத்தவராயனையே பிறகு கல்யாணம் செய்துகொண்டாள்.

தொண்ணூற்றேழில் எக்ஸ்சேஞ்சுக்குத் தானாக லைன் கொடுக்கிற மெஷின் வந்தது. ரத்தினம்மா வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். போர்டு போனது, ஷிப்ட் போனது, "மேடம்" போனது. மிச்சம் இருந்தது காதும், காதுக்கு இருந்த பேரும்தான். பிள்ளை குட்டி இல்லாத அவளுக்கு அந்தப் பேர் எவ்வளவு பெரிய சொத்து என்று வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் யாராவது மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றால் அன்று குழம்பில் ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக விழும்.

தொண்ணூற்றொன்பது மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவளுடைய தம்பி தாமோதரனின் மகள் பல்லவி ஒரு கருப்புப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பல்லவிக்கு இருபத்தைந்து வயது. தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூர் போய், பணக்காரர்களுக்குப் பாட்டுக் கேட்கும் சாமான் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி ரயிலில் திரும்புகிறவள். அன்று பர்மிஷன் போட்டு, சனிக்கிழமைக்கு லீவும் சொல்லிவிட்டு சீக்கிரம் வந்திருந்தாள்.

"அத்தே, இத்த ரெண்டு நாளு போட்டுப் பாத்து நீங்க ரிப்போர்ட் குடுக்கணும்" என்றாள்.

"நானா? ரிப்போர்ட்டா? யாருக்கு?"

நடந்தது இதுதான். கடைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ஹெட்போன் மாதிரிக்கு வந்திருக்கிறது. நன்றாக இருந்தால் கடைக்காரர் நிறைய வரவழைப்பார், அந்த கவுண்டரைப் பல்லவி கையில் கொடுப்பார். ஆனால் அவருக்கு ஒரு குறை. வருகிறவர்கள் எல்லாரும் பத்து நிமிஷம் மாட்டிப் பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்கிறார்கள், முழு நாள் மாட்டினால் எப்படி இருக்கும் என்று சொல்ல ஆளில்லை. பல்லவி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க அத்தை இருபத்தாறு வருஷம், தினம் எட்டு மணி நேரம் ஹெட்போன் போட்டவங்க சார்" என்று சொல்லிவிட்டாள். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டாராம்.

"திங்கக்கிழம பத்திரமா திரும்பி வரணும், எதுனா ஆச்சின்னா நீயும் வர வேணாம்னுட்டாரு அத்தே" என்று முடித்தாள் பல்லவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

பெட்டியைத் திறந்தார்கள். ரத்தினம்மா முதலில் பார்த்தது ஹெட்போனை அல்ல, ஒயரின் நுனியை. தடிமனான, பளபளக்கும் பிளக். எடுத்து விரலுக்கு நடுவில் உருட்டினாள்.

"இன்னாங்க, இங்க வந்து பாருங்க! நம்ம போர்டு பிளக்கு! அதே சைசு!"

காத்தவராயன் பேப்பரை மடித்துவிட்டு வந்து பார்த்தார். ஜெர்மன்காரன் நம்ம எக்ஸ்சேஞ்சைப் பார்த்துத்தான் செய்திருப்பான் என்று சொன்னார். பல்லவி சி.டி. பிளேயரோடு கொண்டுவந்திருந்த குட்டி ஆம்ப்ளிஃபயரில் பிளக்கைச் செருகினாள்.

அடுத்து ரத்தினம்மா ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெளியே மூடி இல்லை, மாவு சலிக்கும் சல்லடை மாதிரி வெறும் வலை. உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது.

"இன்னாடி இது, மூடி போட மறந்துட்டானா?"

"ஓப்பன் பேக் அத்தே. வேணும்னே அப்டி செஞ்சிக்கிறாங்க. சவுண்டு காத்தோட்டமா இருக்கும். சக்கத்தா இருக்கும், போட்டுப் பாருங்க."

மாட்டினாள். பல்லவி வயலின் தட்டு ஒன்றைப் போட்டாள். ரத்தினம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. வில் நரம்பைத் தொடும் முன்னால் வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கூட கேட்டது. கண்ணை மூடினாள். அரை நிமிஷம் கழித்துத் திறந்தபோது, நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த காத்தவராயன் பேப்பர் படித்தபடி அதே ராகத்துக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதே."

ரத்தினம்மா ஹெட்போனைக் கழற்றி, பாம்பைப் பிடித்த மாதிரி தூரமாகப் பிடித்தாள். எக்ஸ்சேஞ்சில் ஒரு ஆபரேட்டருக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே காதில் விழுந்தது காதோடு போக வேண்டும் என்பதுதான். இருபத்தாறு வருடத்தில் எத்தனை டிரான்ஸ்பர், எத்தனை நிச்சயதார்த்தம், எத்தனை ஆபீசர்களின் வீட்டுச் சண்டை! ஒன்றாவது வெளியே போயிருக்குமா? கட்டின புருஷனுக்கே சொன்னதில்லை. இங்கே ஒரு ஹெட்போன், கேட்கிறதை எல்லாம் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறது.

"எழுதிக்கோ பல்லவி. வாய் அடங்காத ஹெட்போனு. பத்து மார்க்குக்கு சைபர்."

பல்லவி பேனாவை எடுக்கவே இல்லை. நாளைக்கு முழுசாகப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று கெஞ்சிவிட்டு, பெட்டியை அங்கேயே விட்டு வீட்டுக்குப் போனாள். மார்ச் காற்றில் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுப் புழுதி பறந்துவந்து கொண்டிருந்தது. காத்தவராயன் மிக்ஸிக்குத் தைத்த பூப்போட்ட உறையைக் கழற்றி ஜெர்மன் ஹெட்போனுக்குப் போட்டுவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை ரத்தினம்மா ஃபர்ஸ்ட் ஷிப்ட் பார்த்தாள். விளையாட்டு இல்லை. காலை ஆறு மணிக்குக் குளித்து, தலை வாரி, பழைய டூட்டிப் புடவையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி வரை எழுந்திருக்க மாட்டேன், சமையல் உங்கள் பாடு என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். காத்தவராயன் இரண்டு தடவை பால் பொங்கவிட்டார்.

வேலை என்றால் வேலைதான். அவளிடம் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது, எந்த ஜெர்மன்காரனும் கேட்டிராத கணக்கு. ஜிமிக்கி போட்டு மாட்டினாள், கழற்றி மாட்டினாள். கொண்டையை மேலே போட்டால் பட்டை எங்கே உட்காருகிறது, கீழே போட்டால் எங்கே உட்காருகிறது என்று பார்த்தாள். முறுக்கு கடித்தாள். தாடை அசையும்போது காது மெத்தை நகராமல் இருக்க வேண்டும், ஏனென்றால் எட்டு மணி நேரம் வாயில் எதையும் போடாத ஆபரேட்டர் உலகத்தில் கிடையாது. நகரவில்லை. எக்ஸ்சேஞ்சில் அவள் மாட்டியது கருப்பு பேக்கலைட் சாமான், இரும்புப் பட்டையோடு. இடது காதில் ஒன்று மட்டும். மதியத்துக்குள் காது மடல் கன்றிப்போகும், கோடைக்காலத்தில் வேர்வையில் ஊறும். இதிலோ பத்து மணி ஆகியும் காது உலர்ந்தே இருந்தது. வலை வழியாகக் காற்று வந்து போய்க்கொண்டிருந்தது. வெல்வெட் மெத்தை. தலையில் ஒன்று இருக்கிறது என்பதே பதினொரு மணிக்கு மறந்துபோனது.

அப்புறம் ஒன்று நடந்தது. பின்னாலிருந்து காத்தவராயனின் ரப்பர் செருப்புச் சத்தம் பாட்டோடு பாட்டாகத் தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி டீயை வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகுதான் புரிந்தது. சூப்பர்வைசர் வருவது கேட்கிறது! எக்ஸ்சேஞ்சில் ஒரு காதை எதற்காகத் திறந்து வைத்திருந்தார்கள்? அதற்குத்தானே! இரண்டு காதையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தால் பின்னால் வந்து நிற்கிறவன் யார் என்று எப்படித் தெரியும்? நேற்றுக் குற்றமாகத் தெரிந்த ஓட்டை இன்று குணமாகிவிட்டது. சைபரை அவள் மனதுக்குள்ளேயே ஒன்பதாக்கினாள்.

பாட்டு விஷயத்தில் ஒரு சின்ன உறுத்தல் மட்டும் இருந்தது. பாடுகிறவர் நடுவில் நிற்காமல் வலது பக்கமாகத் தள்ளி நின்று பாடினார். மேடையில் எங்கே நிற்பது என்பது அவரவர் வசதி என்று அதை விட்டுவிட்டாள்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. பல்லவி வந்தாள். ரத்தினம்மா அவளிடம் உறுதியாகச் சொன்னாள்: "பாட்ட வச்சி சவுண்ட எட போட முடியாதுடி. அந்தப் பாடகரு நெஜத்துல எப்டி பேசுவாரு, எனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்ச கொரல் வேணும்."

எக்ஸ்சேஞ்சில் லைன் டெஸ்ட் செய்ய ஒரு வழக்கம் இருந்தது. ஹலோ ஹலோ என்றாலும், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணச் சொன்னாலும், மனுஷன் தன் குரலை மாற்றிக்கொண்டு ஆபீசர் மாதிரி பேசுவான். ஆகவே "இன்னா சாப்ட்ட?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் எவனாலும் குரலை மாற்றிப் பதில் சொல்ல முடியாது. லைன் சுத்தமா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும். பல்லவி வெள்ளிக்கிழமையே கடையிலிருந்து கொண்டுவந்திருந்த ரெக்கார்டரில் ஒற்றை மைக்கைச் செருகி, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சாப்பிட்டதைச் சொல்லச் சொன்னாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டு சரோஜம்மா புளிக்குழம்பு வைத்த முறையையே முழுசாகச் சொல்ல ஆரம்பித்து, கேசட்டில் பாதியைத் தின்றுவிட்டாள். பக்கத்து வீட்டு ரிச்சர்ட், பேக்டரியில் வெல்டர், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றார்.

"தவக்காலம் இல்லையா? கவுச்சியே கெடையாது. கஞ்சியும் தொவையலும்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி இசபெல்லா பெருமையாகத் தலையாட்டினாள்.

ரத்தினம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். ரிச்சர்ட் முறை வந்ததும் கையைத் தூக்கினாள். "திரும்பப் போடு." மறுபடி கேட்டாள். "ரிச்சர்ட்டு, 'கஞ்சி'ன்னு சொன்ன ஒடனே பல்லு சந்துல எதையோ நாக்கால நோண்டறீங்க. கஞ்சியில நாரு ஏது?"

இசபெல்லா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பேக்டரி கேன்டீனில் சனிக்கிழமை பிரியாணி என்பது எல்லாருக்கும் தெரியும். லைனே சிரித்தது. நாக்கு பல்லில் உரசுவது வரை கேட்கிறதென்றால் இது அசல் சாமான்தான் என்று ரத்தினம்மா அறிவித்தாள். பல்லவிக்கு முகமெல்லாம் பல்.

அப்போதுதான் ரத்தினம்மா நெற்றியைச் சுருக்கினாள். சரோஜம்மா வலது பக்கம் நின்று பேசினாள். ரிச்சர்டும் வலது பக்கம். எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு பேசினார்கள், பஸ் திரும்பும்போது சாய்கிற மாதிரி.

"ஏண்டி, மைக்க எங்க வச்ச?"

"நேரா மூஞ்சிக்கு முன்னாடி அத்தே. ஒரே மைக்கு. நடு மண்டையில கேக்கணும்."

"நடுவுல இல்ல. லெஃப்ட்டு வீக்கா கீது."

பல்லவியின் சிரிப்பு நின்றது. ஹெட்போனை வாங்கி மாட்டிக் கேட்டாள். நடுவில்தான் கேட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை ரயிலில் நெரிசல். பங்காருப்பேட்டையில் யாரோ ஏற்றிய கத்திரிக்காய் மூட்டை மேல் தட்டிலிருந்து சரிந்து இவள் மடியில், பெட்டியின் மேல் விழுந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொன்னாள்.

"இங்க குடு" என்று ரிச்சர்ட் வாங்கி மாட்டினார். "ஆமா, கொஞ்சம் வீக்குதான்" என்றார். இசபெல்லா கேட்டுவிட்டு, "கொஞ்சமில்ல, நல்லாவே வீக்கு" என்றாள். சரோஜம்மாவோ இடது பக்கம் சுத்தமாகக் கேட்கவேயில்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்தாள். ரத்தினம்மா ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்பீல் ஏது? அந்த லைனில் சொந்தக் காதை நம்புகிற பழக்கம் விட்டுப்போய் ரொம்ப நாளாகியிருந்தது. பல்லவி மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

எல்லாரும் போன பிறகு ரத்தினம்மா ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் செய்ய வேண்டியது என்ன என்று தெரியும். எக்ஸ்சேஞ்சில் லைன் சரியில்லை என்று யார் புகார் சொன்னாலும் முதல் வேலை கார்டை மாற்றிப் போடுவது. கோளாறு கார்டோடு கூடவே போனால் கார்டில் கோளாறு. போகாமல் அங்கேயே நின்றால் லைனில் கோளாறு. புதிதாக வருகிற பெண்களுக்கு இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். இங்கேயும் அவ்வளவுதான். ஹெட்போனை இட வலமாகத் திருப்பி மாட்ட வேண்டும். ஒரு வினாடி வேலை.

அந்த ஒரு வினாடியை அவள் ஒதுக்கவில்லை. ஒயரைத் துடைத்தாள். மெத்தையைத் தட்டினாள். பெட்டியில் வைத்து உறையைப் போட்டாள். காத்தவராயன் ஒரு தடவை, "திருப்பிப் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். "எல்லாம் பாத்தாச்சி" என்று எரிந்து விழுந்தாள். பார்க்கவில்லை. பயமாக இருந்தது. இருபத்தாறு வருடமும் பேக்கலைட் சாமான் உட்கார்ந்திருந்தது இடது காதில்தான்.

ஞாயிறு காலை காத்தவராயன் குடத்தோடு குழாயடிக்குப் போனார். ரத்தினம்மா கதவைச் சாத்தினாள். ஹெட்போனை எடுத்தாள். நேராக மாட்டி ரிச்சர்டைக் கஞ்சி சொல்லவிட்டாள். ரிச்சர்ட் வலது பக்கம் நின்றார். கழற்றினாள். திருப்பினாள். மாட்டினாள்.

ரிச்சர்ட் வலது பக்கமே நின்றார்.

மூன்று தடவை மாற்றிப் போட்டாள். ரிச்சர்ட் அசையவில்லை. கத்திரிக்காய் மூட்டை ஒரு பாவமும் செய்யவில்லை.  மிக்ஸி, ரேடியோ, வாசலில் நிற்கிற ஜனம், "ரத்தினம்மா சொன்னா சரிதான்" என்கிற வார்த்தை எல்லாமே கையை விட்டு நழுவுகிற மாதிரி இருந்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குப் பல்லவி வந்தபோது ரத்தினம்மா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். நல்ல வழி. 'ஒயர் லூசா இருந்திச்சி, அழுத்தி விட்டேன், சரியாப் போச்சி' என்று சொன்னால் போதும். பல்லவி வேலை தப்பும். ஹெட்போனும் தப்பும். ஜெர்மன் சாமானையே ரிப்பேர் செய்தவள் என்று பேர் இன்னும் இரண்டு மடங்கு கூடும். வாயைத் திறந்தாள்.

பல்லவி முந்திக்கொண்டாள். "அத்தே, நான் நாளைக்குக் கடைக்குப் போயி வேலைய விட்டு நின்னுக்கறேன்னு சொல்லப்போறேன்."

"ஏன்? திட்டுவாருன்னா?"

"அதில்ல. ரிச்சர்ட் அண்ணனுக்குக் கேட்டுது. சரோஜம்மாவுக்குக் கூட கேட்டுது. எனக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ஒன்னாவே கேக்குது. ராத்திரி பூரா யோசிச்சேன். எனக்குக் காதே சரியில்ல அத்தே. இந்தக் காத வச்சிக்கினு நான் இன்னா ஹெட்போன் விக்கறது?"

ரத்தினம்மாவின் வாயில் தயாராக இருந்த பொய் அங்கேயே நின்றது. அதைச் சொன்னால் வேலை தப்பும், ஆனால் இந்தப் பெண் சாகிற வரை தன் காதை நம்ப மாட்டாள். லைனில் எல்லாரையும் சொந்தக் காதை நம்பாமல் அடித்தது போதாதா? பல்லவியின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"லெஃப்ட்டு ரைட்டு மாத்தி மாட்டிப் பாத்தேன். அந்தச் சாமான்ல ஒன்னும் இல்ல. வீக்கு என் காது. உன் காதுதான் இந்த லைன்லயே நல்ல காது. மீதி பேரெல்லாம் நான் சொன்னதத்தான் கேட்டாங்க, நீ ஒருத்திதான் ஹெட்போன கேட்ட."

பல்லவி சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் பார்த்தாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அத்தை பேனா எடுக்கச் சொன்னதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்தாள். ரத்தினம்மா சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினாள். ஜிமிக்கியோடு மாட்டக் கூடாது, பூ வைத்தால் பட்டைக்கு முன்னால் வைக்க வேண்டும். முறுக்கு தின்னலாம். எட்டு மணி நேரத்துக்கும் காது உலர்ந்தே இருக்கும். ரகசியம் பேசுகிறவர்களுக்கு ஆகாது. பொய் சொல்கிறவர்களுக்கு அதைவிட ஆகாது. பின்னால் யார் வந்தாலும் தெரியும், அது பெரிய வசதி.

"கடைசியா எழுது. டெஸ்ட் பண்ண அம்மாவுக்கு லெஃப்ட் காது வீக்கு. ரெண்டு பக்கமும் மாத்தி மாட்டிப் பாத்ததுல சாமான் சரியாக் கீது."

"அது வேணாம் அத்தே. அவருக்கு எதுக்கு அது?"

"எழுதுடி. கோளாறு எக்ஸ்சேஞ்சு பக்கம்னா எக்ஸ்சேஞ்சு பக்கம்னு சொல்லணும். லைன்ல பேசற பார்ட்டி மேல தள்ளக்கூடாது."

பல்லவி எழுதினாள். எழுதி முடித்துவிட்டு அத்தையின் கன்னத்தோடு கன்னம் வைத்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனாள். அன்று மதியத்துக்குள் செய்தி லைன் முழுக்கப் பரவும், சரோஜம்மா இருக்கும்போது அதற்கு டெலிபோன் தேவையில்லை. பரவட்டும் என்று ரத்தினம்மா நினைத்தாள். நினைத்தாளே தவிர, சரோஜம்மாவின் வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

காத்தவராயன் கடைசிக் குடத்தை இறக்கி வைத்தார். ரத்தினம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவே இல்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. நாலு வருசமாச்சி. போர்டுல இருந்தப்பவே."

ரத்தினம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு வருசமா! ஊரு பூரா என் காதப் பத்தி பெரும பேசறேன், கட்டினவரு நீங்க, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

காத்தவராயன் நடந்துவந்து அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் நின்றார். "இங்க நின்னுதான் சொன்னேன். நீ திரும்பவே இல்ல. சரி, நெஜந்தான் போலன்னு தெரிஞ்சிக்கினேன்."

ரத்தினம்மா அவரை முறைத்துப் பார்த்தாள். முறைப்பு நிற்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

"நாலு வருசத்துல அந்தப் பக்கம் நின்னு வேற இன்னா இன்னா சொன்னீங்க?"

"நெறைய கீது" என்றார் காத்தவராயன். "நல்லதும் கீது, திட்டுனதும் கீது. எதுல இருந்து ஆரம்பிக்கறது?"

"நல்லதுல இருந்து" என்றாள் ரத்தினம்மா. அவர் முக்காலியை இழுத்து, அவளுக்கு வலது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.